தெருவில் பாடும் பாட்டு: வாசகர் கேள்வி பதில்

எங்கள் ஊர் ஏரியை மீட்கப் பாட்டு எழுதினோம். பன்னிரண்டு சரணம், சொந்த மெட்டு. கூட்டத்தில் ஒருவர்கூடச் சேர்ந்து பாடவில்லை. எங்கே தவறு?

இரண்டு இடங்களில். முதலாவது, சொந்த மெட்டு. தெருவில் நின்று கேட்பவருக்கு ஒரு புது மெட்டு பிடிபட மூன்று நான்கு முறை காதில் விழ வேண்டும். அதற்குள் அவர் நடந்து போய்விடுவார். கும்மி, தெம்மாங்கு, நொண்டிச்சிந்து, நடவுப்பாட்டு எல்லாம் ஏற்கெனவே அவர் உடம்பில் இருப்பவை. பாரதியார் பெண்விடுதலையைக் கும்மியாகவும், ஜனங்களின் நிலைமையை நொண்டிச்சிந்தாகவும் பாடியது இதனால்தான். இன்னொன்றும் செய்தார். நந்தனார் சரித்திரத்தில் நிலத்துக்குச் சொந்தக்காரனான ஆண்டை தன் பண்ணையாள் நந்தனை ஏசும் பாட்டின் வர்ணமெட்டை எடுத்து, விடுதலை கேட்கும் இந்தியனை வெள்ளை அதிகாரி ஏசுவதாக எழுதினார். மூலப் பாட்டு தெரிந்தவர் காதில் இரண்டு ஆண்டைகளின் குரலும் ஒன்றாகவே கேட்கும். எந்த மெட்டை எடுக்கிறோமோ அதன் பழைய பொருளும் கூடவே வரும். தாலாட்டு மெட்டில் கோபத்தை வைத்தால் கேட்பவர் திடுக்கிடுவார். திருமண வாழ்த்து மெட்டில் சாவைப் பாடினால் முகம் சுளிப்பார். மெட்டைத் தேர்ந்தெடுக்கும்போதே இதை யோசித்துவிடுங்கள்.

இரண்டாவது தவறு, கூட்டத்துக்கு நீங்கள் வேலையே கொடுக்காதது. நடவு வயலில் ஒருத்தி அடியெடுப்பாள், மற்றவர்கள் ஒரே பின்பாட்டைத் திருப்பித் திருப்பிப் பாடுவார்கள். அந்தப் பின்பாட்டு ஒரே மூச்சில் முடியும், மாறாது. உங்கள் பாட்டிலும் மாறாத ஒரு வரியை வையுங்கள். நான்கைந்து சொல் போதும். வரியின் கடைசிச் சொல் நீட்டிப் பாட இடம் தரும் நெடிலில் முடிந்தால் நல்லது. வல்லின ஒற்றோடு வெட்டி முடிந்தால் கூட்டத்தின் குரல் ஒன்றுசேராது. சரணம் ஐந்துக்கு மேல் வேண்டாம்.

கும்மியில் எழுதுவதானால் கணக்கு இது: ஓர் அடிக்கு ஏழு சீர், எட்டுக் கைத்தட்டு. எட்டாவது தட்டுக்குச் சொல் கிடையாது, அது மூச்சு வாங்கும் இடம். ஒரு மாதிரி:

ஏரியை மூடி மனையென விற்றவர்
எங்கென்று கேட்டுநாம் கும்மியடி

முதல் வரியில் நான்கு, இரண்டாவதில் மூன்று. புதிதாக எழுதுபவர்கள் அந்த எட்டாவது இடத்திலும் ஒரு சொல்லைத் திணித்துவிடுவார்கள். இரண்டு சுற்று ஆடியதும் எல்லோருக்கும் மூச்சு இரைத்துப் பாட்டு நின்றுபோகும். எழுதியதும் கையைத் தட்டிக்கொண்டே பாடிப் பாருங்கள். தட்டு விழும் இடத்தில் சொல்லின் தலை வராவிட்டால் சொல்லை மாற்றுங்கள், மெட்டை இழுக்காதீர்கள்.

‘அநீதி’, ‘அதிகாரம்’ போன்ற சொற்களைக் குறைத்து, மதகு, கலங்கு, வரத்துக் கால்வாய், பட்டா எண் என்று உங்கள் ஏரியின் பேச்சில் எழுதுங்கள். எந்த மதகு அடைக்கப்பட்டது என்று பாட்டு சொல்லட்டும்.

பேரணியில் பறை பாதி வழியில் தொங்கிவிடுகிறது. ஃபைபர் தோலுக்கு மாறலாமா?

தோல் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதால் தளர்கிறது. மழைக்காலத்திலும் விடியற்காலையிலும் இது சீக்கிரம் நடக்கும். காய்ச்சுவதுதான் வழி. வைக்கோல், காய்ந்த ஓலை, காகிதம் போல மளமளவென்று எரியும் பொருளில் தீ மூட்டுங்கள். தோல் பக்கம் தீயைப் பார்க்க, ஒரு முழம் தள்ளிப் பிடித்து, கட்டையை (தோல் ஒட்டிய மரச் சட்டத்தை) சுற்றிக்கொண்டே இருங்கள். ஒரே இடத்தில் நிறுத்தினால் அந்த இடம் மொறுமொறுத்து அடுத்த அடியில் கிழியும். விளிம்பில் அதிகச் சூடு பட்டால் புளியங்கொட்டைப் பசை விட்டுப்போய்த் தோல் கட்டையிலிருந்து பிரியும். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். மந்தமான ஒலி போய்க் கணீரென்று வந்ததும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் காய்ச்சினால் ஒலி ஏறுவதில்லை, தோலின் ஆயுள்தான் குறைகிறது.

நீண்ட பேரணிக்கு, ஆடும் பறைகளுக்கு மேல் இரண்டு கூடுதலாக எடுத்துப் போங்கள். நிற்கும் இடங்களில் இரண்டிரண்டாகக் காய்ச்சி மாற்றிக்கொள்ளலாம். இடக்கையில் பிடிக்கும் சிம்புக்குச்சி மெல்லிய மூங்கில் சிம்பு என்பதால் அடிக்கடி முறியும். ஆளுக்குக் குறைந்தது மூன்று குச்சி கைவசம் இருக்கட்டும். வலக்கை அடிக்குச்சி தடியானது, அவ்வளவு சீக்கிரம் முறியாது.

ஃபைபர் தோலுக்கு மழையும் பனியும் பொருட்டல்ல. காய்ச்சவும் வேண்டாம், காய்ச்சவும் கூடாது. ஆனால் அடித்தொண்டையிலிருந்து எழும் அந்த ஆழ்ந்த ஒலி அதில் இல்லை, கீச்சென்ற பக்கமே தூக்கலாக இருக்கும். மழை நாளுக்கு அது, மற்ற நாளுக்குத் தோல் என்று இரண்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு குறையும் பல குழுக்களில் உண்டு. முழு வீச்சில் பறை அடித்துக்கொண்டே பாடுவதால் ஒரு சொல்கூடக் கேட்பதில்லை. சரணம் பாடும்போது சிம்புக்குச்சி மட்டும் ஓடட்டும், பின்பாட்டில் இரண்டு குச்சியும் இறங்கட்டும். பாடுபவர் பறைகளுக்கு முன்னால் நிற்கட்டும்.

பறை இழிவின் அடையாளம், அதைத் தொடவே கூடாது என்கிறார் எங்கள் குழுவின் மூத்தவர். இளையவர்கள் அதுவே எங்கள் ஆயுதம் என்கிறார்கள். யார் சொல்வது சரி?

மூத்தவரின் சொல்லை ஒதுக்கிவிடாதீர்கள். சாவுக்கும் ஊர்ச் சாட்டுக்கும் (ஊர் அறிவிப்புக்கும்) கூலியில்லாமல் அடிக்க வேண்டும் என்று ஒரு சாதியின் தலையில் கட்டப்பட்ட வேலை அது. ‘இனி அடிக்க மாட்டோம்’ என்று குச்சியைக் கீழே வைத்ததற்காக அடி வாங்கியவர்களும் பிழைப்பை இழந்தவர்களும் பல ஊர்களில் உண்டு. பறையை நிறுத்தியதும் போராட்டம்தான். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்தின் கருப்பொருளிலும் பறையைச் சேர்த்தது என்ற பெருமை, அந்த அடியின் வலியை ஆற்றாது.

இளையவர்கள் அடிப்பது வேறு அடி. எங்கே, எப்போது, எதற்கு என்பதை அவர்களே முடிவு செய்கிறார்கள். அந்த முடிவு அவர்கள் கையில் இருக்கும்வரை அது ஆயுதம். ஆகவே குழுவில் ஒரு விதி வையுங்கள்: சாவு வீட்டுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் வழக்கம் என்ற பேரில் அழைத்தால் போவதில்லை. மேடைக்குப் போனால் மற்றக் கலைஞர்களுக்குத் தரும் அதே கூலி, அதே இருக்கை. வேறு சாதியினர் பறை கற்க வந்தால் கற்பிக்கும் ஆசானுக்குரிய மரியாதையும் சம்பளமும் முதலில் பேசப்படட்டும். மூத்தவர் அடிக்க வேண்டாம், குழுவில் இருந்தால் போதும்.

செத்த ஆற்றுக்கு ஒப்பாரி வைக்கலாம் என்று நினைக்கிறோம். பறை சேர்க்கலாமா?

வேண்டாம். ஒப்பாரிக்குத் தாளக் கட்டு கிடையாது, வரி முடிவில் இழுத்து இறங்கும் அழுகையே அதன் நடை. பறை சேர்த்தால் அது குத்துப்பாட்டாகிவிடும். இரண்டு மூன்று பெண்கள் மாற்றி மாற்றி எடுத்தால் போதும். ஒப்பாரியில் பெண்கள் உயிரோடு இருப்பவர்களையும் குற்றம் சாட்டுவார்கள். சொத்து தராத அண்ணன், கைவிட்ட உறவு எல்லாம் அங்கே பேர் சொல்லி வரும். அந்த உரிமையை ஆற்றங்கரையில் பயன்படுத்துங்கள். அந்தத் தெருவில் அண்மையில் சாவு விழுந்திருந்தால் மட்டும் நாளைத் தள்ளி வையுங்கள்.

பாட்டுக்கு முன்கூட்டியே காவல் துறை ஒப்புதல் வேண்டுமா?

நாடக வசனத்தை முன்கூட்டியே காட்டச் சொன்ன 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் செல்லாது என்றது. ஆனால் கூட்டம், பேரணி, ஒலிபெருக்கி மூன்றுக்கும் எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள். ஒரு வாரம் முன்னதாகவே மனு கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை, இசைக்கருவிக்கும் அதே தடைதான். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத பகுதி அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்டிருக்கலாம்.

வழக்கு வராது என்று யாரும் உறுதி தர முடியாது. மதுக்கடைகளை எதிர்த்துப் பாடியதற்காகப் பாடகர் கோவன் 2015 அக்டோபரில் தேசத்துரோகப் பிரிவில் கைது செய்யப்பட்டார். ஆகவே பாட்டில் வரும் ஒவ்வொரு தகவலுக்கும் ஆவணம் வைத்திருங்கள்: அரசாணை எண், சர்வே எண், ஆய்வக அறிக்கை. ஆதாரம் இல்லாமல் தனி மனிதர் பெயரைப் பாடினால் அவதூறு வழக்குக்கு இடம் கொடுத்தவர்கள் ஆவீர்கள். பெயர் சொல்லாமல் புரியவைக்கப் பழைய நாடகக்காரர்களுக்குத் தெரியும். விடுதலைப் போராட்டக் காலத்தில் நாடக நடிகர் விசுவநாததாஸ் வள்ளி திருமணம் நாடக மேடையில் வெள்ளைக் கொக்கைப் பாடினார். எந்தக் கொக்கு என்று கொட்டகை முழுவதற்கும் தெரிந்திருந்தது.