ரேசிங் சிம்மில் வைக்கும் கேம்பரை ரோட்டுக் காரில் வைக்கலாமா?

அசெட்டோ கோர்சா காம்பெடிசியோனே என்ற கார் ரேஸ் சிமுலேட்டர் கேமில் ஜிடி3 ரேஸ் காருக்கு வைத்த மைனஸ் 3.5 டிகிரி கேம்பரை (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருக்கும் கோணம்) உங்கள் ஹேட்ச்பேக்கிலும் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள், தயவுசெய்து வேண்டாம். ரேஸ் காரில் ஸ்லிக் டயர் (பள்ளக்கோடுகள் இல்லாத வழவழப்பான டயர்), வளைவில் பெரும்பாலான பாரம் வெளிச்சக்கரத்தில் இறங்கும்போது அந்தச் சாய்வு பலன் தரும். நீங்கள் ஓட்டுவதோ பெரும்பாலும் நேர்ரோடு, உள்விளிம்பு மட்டும் தேய்ந்து கம்பி தெரிய ஆரம்பித்துவிடும், பிரேக் பிடிக்கும் தூரமும் கூடும். மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் என்ற சஸ்பென்ஷன் உள்ள வண்டிகள் பலவற்றில் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) மட்டும்தான் மாற்ற முடியும், கேம்பருக்குத் தனி போல்ட்டோ பிளேட்டோ போட வேண்டும்.

அப்புறம் டோ. கேமில் 0.30 என்றால் தசம டிகிரி, அதாவது 18 நிமிடம் (ஒரு டிகிரிக்கு 60 நிமிடம்); வீல் அலைன்மென்ட் கடையில் தரும் ஷீட்டில் 0°30' என்றிருந்தால் அது அரை டிகிரி. முன்சக்கரத்தில் டோ-அவுட் (சக்கரங்களின் முன்பக்கம் வெளியே விரிந்திருப்பது) வைத்தால் ஹைவேயில் வண்டி அலைபாயும், அதனால் மேனுவலில் உள்ள அளவையே வைக்கச் சொல்லுங்கள்.