முதல் இணையதளத்தில் எதைப் பற்றி எழுதுவது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே ரகம். சொந்தமாக ஒரு தளம் தொடங்க ஆசை இருக்கிறது, எதைப் பற்றி என்றுதான் பிடிபடவில்லை. மற்றவற்றை அடுத்த முறைக்கு ஒதுக்கிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

சினிமா, கிரிக்கெட், அரசியல், பயணம் எல்லாமே பிடிக்கும். எல்லாவற்றையும் ஒரே தளத்தில் போடலாமா? (கல்லூரி மாணவர், மதுரை)

போடலாம். 1999-ல் நானும் அதைத்தான் செய்தேன். முகப்பில் ஏழு பிரிவுகள். அதில் ஐந்தைத் தட்டினால் 'விரைவில்' என்று ஒரு வரி, பக்கத்தில் மண்வெட்டியோடு ஓர் ஆள் படம். அந்த 'விரைவில்' கடைசிவரை வரவே இல்லை. போதாததற்கு, திரையில் தமிழ் ஒழுங்காக வர, படிக்க வருபவர் முதலில் ஒரு எழுத்துருவை இறக்கிக்கொள்ள வேண்டும். என் மாமாவைத் தவிர யாரும் இறக்கியதாகத் தெரியவில்லை.

பிடித்தது வேறு, கையில் சரக்கு இருப்பது வேறு. நண்பர்கள் எந்த விஷயத்துக்காக உங்களுக்குப் போன் போடுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பிறகு ஒரு தாளில், எதையும் தேடிப் பார்க்காமல், அந்த விஷயத்தில் பத்துத் தலைப்புகள் எழுதுங்கள். நாலாவதிலேயே பேனா நின்றால் அது உங்கள் தலைப்பு இல்லை. உலகின் முதல் இணையதளத்தை 1991-ல் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ அமைத்தபோது அதில் எதைப் பற்றி எழுதினார் தெரியுமா? தான் அப்போது கட்டிக்கொண்டிருந்த உலகளாவிய வலையைப் பற்றித்தான். அந்த நேரத்தில் அவரை விட அது தெரிந்தவர் யாரும் இல்லை.

புதுப்பட விமர்சனம் எழுத ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஆனால் நீங்கள் மதுரைக்காரர். 1952-ல் திறந்த தங்கம் தியேட்டர் இன்று இல்லை. அங்கே படம் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். டிக்கெட் விலை, இடைவேளையில் விற்ற தின்பண்டம், வரிசையில் நடந்த சண்டை என்று உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் சொன்னாலே நாலு பக்கம் தேறும். சினிமாவும் ஆச்சு, ஊரும் ஆச்சு.

ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்றவன். செங்கோட்டை–புனலூர் மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம்) காலத்தில் வேலை பார்த்தேன். இதையெல்லாம் யார் படிக்கப் போகிறார்கள்? (தென்காசி)

ஐயா, முதல் ஆளாக நான் படிப்பேன்.

1904-ல் வந்த பாதை. 2010-ல் மீட்டர் கேஜ் ஓட்டத்தை நிறுத்தினார்கள், 2018-ல் அகலப் பாதையாகத் திரும்பி வந்தது. இந்த விவரம் எங்கும் கிடைக்கும், அதை எழுதத் தொடங்காதீர்கள். ஓய்வுபெற்றவர்கள் பலர் வழுக்குவது இங்கேதான். 'முன்னுரை', 'ரயில்வேயின் தோற்றம்' என்று ஆரம்பித்து, சொந்த அனுபவத்துக்கு வருவதற்குள் களைத்துப்போகிறார்கள்.

ஓர் இரவு டியூட்டியிலிருந்து தொடங்குங்கள். மழைக்காலத்தில் ஆரியங்காவு எப்படி இருந்தது? பாதை காலி என்பதற்கு அடையாளமாகத் தரும் டோக்கன் வளையத்தை ஓடும் வண்டியில் கைமாற்றும்போது கையில் அடிபட்டதுண்டா? மலையேற்றத்தில் பின்னால் தள்ளும் இன்ஜினுக்கும் முன்னால் இழுக்கும் இன்ஜினுக்கும் சைகை எப்படிப் போனது? பதின்மூன்று கண் பாலத்தை இன்று எல்லோரும் படம் எடுக்கிறார்கள். அதன் மேல் மீட்டர் கேஜ் வண்டி போனபோது உள்ளே இருந்தவர் சொல்ல வேண்டியது அந்தப் படங்களில் இல்லை.

ஒரு நிலையத்துக்கு ஒரு பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: பகவதிபுரம், ஆரியங்காவு, தென்மலை, இடமண் என்று வண்டி போகிற வரிசையிலேயே. தளத்துக்கு அமைப்பு தானாக வந்துவிடும், அடுத்து என்ன எழுதுவது என்ற கவலையும் இல்லை. தட்டச்சு சிரமம் என்றால் போனில் பேசியே எழுத்தாக்கலாம். ஊர்ப் பெயர்களை மட்டும் அது கண்டபடி எழுதும், சரிபார்த்துவிடுங்கள். உடன் வேலை பார்த்தவர்களின் சஸ்பென்ஷன், தண்டனைக் கதைகளைப் பெயரோடு எழுத வேண்டாம். அவர்கள் பேரப்பிள்ளைகளும் படிப்பார்கள்.

சமையல் தளம் தொடங்க ஆசை. ஆனால் ஏற்கெனவே எத்தனையோ இருக்கின்றனவே? (இல்லத்தரசி, ஈரோடு)

'சமையல்' என்பது தலைப்பே இல்லைங்க, அது ஒரு கடல். சாம்பார் வைப்பது எப்படி என்று 1001-வது பக்கம் எழுதி என்ன ஆகப்போகிறது? உங்கள் பக்கத்து அரிசி பருப்புச் சாதம், பச்சைப்புளி ரசம், சந்தகை, ஒப்பிட்டு என்று கொங்குச் சமையலுக்குள் நில்லுங்கள். அதிலும் உங்கள் வீட்டுக் கைப்பக்குவத்துக்குள். மாமியார் 'ஒரு ஆழாக்கு', 'கண்ணளவு' என்று சொன்னதை நீங்கள் ஒரு முறை அளந்து கிராமில் எழுதினால், வெளியூரில் இருக்கிற கொங்குப் பிள்ளைகள் உங்களைக் கும்பிடுவார்கள். தவறிப்போனதையும் எழுதுங்கள். சந்தகை மாவு ஏன் பிழியும்போது முறுக்கிக்கொண்டது என்பதைத்தான் ஜனங்கள் தேடி வருவார்கள்.

எனக்குப் பிடித்த எழுத்தாளர்களின் கதைகளைத் தொகுத்துப் போட்டால் என்ன? (சென்னை)

கொஞ்சம் பொறுங்கள். இந்தியச் சட்டப்படி, எழுத்தாளர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து எண்ணி 60 ஆண்டுகள்வரை உரிமை அவருடைய வாரிசுகளுக்கு. அரசு நாட்டுடைமை ஆக்கிய எழுத்துகள் விதிவிலக்கு. பாரதியார் படைப்புகளின் உரிமையை அரசு 1949-லேயே வாங்கிவிட்டது. மற்றபடி 'இணையத்தில் கிடைத்தது' என்பது அனுமதி ஆகாது. உரிமைச் சிக்கல் இல்லாத பழைய நூல்களை ஏற்றும் வேலையை மதுரைத் திட்டம் 1998 பொங்கலிலிருந்து செய்துவருகிறது. உங்களுக்கு அதுதான் ஆசை என்றால் அவர்களோடு சேர்ந்து மெய்ப்புப் பாருங்கள். சொந்தத் தளத்தில், அந்தக் கதைகளைப் படித்தது பற்றி உங்கள் வார்த்தையில் எழுதுங்கள்.

யாழ்ப்பாணத்தில் எங்கட ஊரையும் பரம்பரையையும் பற்றி எழுத விருப்பம். அடுத்த தலைமுறைக்கு ஒன்றும் தெரியாது. (கனடா)

நல்ல தலைப்பு, ஆனால் இரண்டையும் பிரியுங்கள். ஊர் எல்லோருக்கும் உரியது. பள்ளிக்கூடம், சந்தை, கோயில் திருவிழா, கிணறு, பனங்காணி எல்லாம் தாராளமாக எழுதலாம். 2005-ல் தொடங்கிய நூலகம் திட்டத்தின் எண்ணிம நூலகத்தில் உங்கள் ஊர் பற்றிய பழைய சிறப்பு மலர்களை, அதாவது விழா வெளியீடுகளைத் தேடிப் பாருங்கள், நினைவுக்குத் துணையாக இருக்கும். பரம்பரை மரத்தில்தான் கவனம் தேவை. உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, முகவரி போட வேண்டாம். வங்கிகளில் பாதுகாப்புக் கேள்வியாக அம்மாவின் கன்னிப் பெயரைக் கேட்கிற நாட்டில் இருக்கிறீர்கள். குடும்ப மரத்தைப் பொதுவில் மாட்டினால் விடையை மாட்டியது போல. அதைக் குடும்பத்துக்குள் ஒரு கோப்பாக அனுப்பிக்கொள்ளுங்கள்.

எந்தத் தலைப்பில் எழுதினால் வருமானம் வரும்? (மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்)

முதல் தளத்தில் இதை எதிர்பார்க்காதீர்கள். கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் 2018-லிருந்து தமிழ்ப் பக்கங்களையும் ஏற்கிறது, உண்மைதான். ஆனால் வருமானத்துக்காகக் கடன் அட்டை, காப்பீடு என்று தெரியாத தலைப்பை எடுத்தால் இரண்டாவது மாதமே அலுத்துவிடும்.

தமிழிலா, ஆங்கிலத்திலா? (திருச்சி)

அந்த விஷயத்தை வீட்டில் எந்த மொழியில் பேசுவீர்களோ அதில்.

தலைப்பு முடிவாகும் முன் தளப் பெயரை வாங்கிவிடலாமா? (கோவை)

உங்கள் சொந்தப் பெயரில் என்றால் இன்றே வாங்கலாம், தலைப்பு மாறினாலும் பெயர் நிற்கும். 'கொங்குசமையல்' மாதிரிப் பெயரென்றால் பத்துப் பக்கம் எழுதி முடித்த பிறகு. வருடா வருடம் புதுப்பிக்கப் பணம் கட்ட வேண்டும் என்பதையும், முதல் வருடத் தள்ளுபடி இரண்டாம் வருடம் இருக்காது என்பதையும் பார்த்து வாங்குங்கள்.

தொடங்கி மூன்று மாதம் கழித்து வேறு தலைப்புக்கு மனம் போனால்? (அதே கோவை வாசகர்)

போகட்டும், மாற்றிக்கொள்ளுங்கள். பழைய பக்கங்களை மட்டும் அழிக்காதீர்கள், அவற்றின் முகவரியையும் மாற்றாதீர்கள். யாரோ ஒருவர் எங்கேயோ சேமித்து வைத்திருப்பார். அந்த 1999 தளத்தை நான் ஒரு கோபத்தில் துடைத்துப்போட்டேன். அதில் என் பாட்டி சொன்ன விடுகதைகள் முப்பத்திரண்டு இருந்தன. இப்போது ஏழுதான் நினைவிருக்கிறது.