ஃபால்அவுட் நியூ வேகஸில் மாட்கள் (ரசிகர்கள் செய்த கூடுதல் கோப்புகள்) போட்ட பிறகு ஆட்டம் திக்கித் திக்கி ஓடுகிறதே, என்ன செய்யலாம்?

புது கிராபிக்ஸ் கார்டு வாங்க ஓடாதீர்கள். 2010-இல் வந்த இந்த கேம் 32-பிட். உங்களிடம் எவ்வளவு ராம் இருந்தாலும் 2 ஜிபிக்கு மேல் தொடாது. 4கே டெக்ஸ்சர் (சுவர், தரை போன்றவற்றின் மேல் ஒட்டும் படங்கள்) மாட்கள் அந்த இடத்தைச் சீக்கிரமே அடைத்துவிடும். அதனால் முதலில் அந்த வரம்பை 4 ஜிபி ஆக்கும் 4ஜிபி பேட்ச் போடுங்கள், டெக்ஸ்சரை 2கே ஆக்குங்கள். சுவரில் மூக்கு உரச நின்று பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

அப்புறம் அந்தத் திக்கல். மீட்டர் 60 எஃப்பிஎஸ் (விநாடிக்கு 60 படங்கள்) காட்டும், ஆனாலும் கேமில் வரும் ஃப்ரீசைடு பகுதியில் திரும்பினால் கேமரா வெட்டி வெட்டி நகரும். கேம் நேரம் பார்க்கும் விண்டோஸ் கடிகாரம் 10 முதல் 16 மில்லிவிநாடிக்கு ஒருமுறைதான் நகர்வதே காரணம். என்விடிஎஃப் (நியூ வேகஸ் டிக் ஃபிக்ஸ்) மாட் இதைச் சரிசெய்யும். அதற்கு எக்ஸ்என்விஎஸ்இ என்ற துணை நிரல் அவசியம். இதே திக்கலுக்கு வந்த பழைய ஸ்டட்டர் ரிமூவர் மாடை மட்டும் போடாதீர்கள், விண்டோஸ் 10-இல் கிராஷ் ஆகும்.