நெப்போலியனின் மார்ஷல்களில், அதாவது மிக உயர்ந்த நிலைத் தளபதிகளில், மிகச் சிறந்தவர் யார்?

நான் தயங்காமல் லூயி-நிக்கொலா தாவூவின் பெயரைச் சொல்வேன். நே, முரா ஆகியோரின் துணிச்சலைப் பற்றி எழுதாதவர் இல்லை. ஆனால், பேரரசர் அருகில் இல்லாத களத்தில், தன் படையைப் போல் இரு மடங்குக்கு மேற்பட்ட படையை எதிர்த்து வென்றவர் தாவூ.

1770இல் பர்கண்டியின் அன்னூ என்ற ஊரில் பிரபுக் குடும்பத்தில் பிறந்த அவர், பிரெஞ்சுப் புரட்சியின் பக்கம் நின்றார். 1793இல் பிரெஞ்சுத் தளபதி துமூரியே எதிரியிடம் கட்சி மாற முயன்றபோது அவர்மீது சுடும்படி தன் வீரர்களுக்கு ஆணையிட்டார். அப்படிப்பட்டவரே பிறப்பின் காரணமாக அதே ஆண்டில் படையைவிட்டு விலக நேர்ந்தது. மறு ஆண்டு திரும்பி, எகிப்துப் படையெடுப்பிலும் பங்கேற்று, 1804இல் தம் 34ஆம் வயதில் மார்ஷலானார். அன்று நியமனம் பெற்ற 18 பேரில் இவரே இளையவர்.

அவருடைய திறமை முழுமையாக வெளிப்பட்டது 1806 அக்டோபர் 14 அன்று. ஜெர்மானிய அரசான பிரஷ்யாவின் முதன்மைப் படை யேனாவில் தம் எதிரே நிற்பதாக நெப்போலியன் எண்ணிக்கொண்டிருக்க, உண்மையில் அது ஔவர்ஷ்டெட் அருகே தாவூவை நோக்கி வந்துகொண்டிருந்தது. அவரிடம் இருந்தவர்கள் சுமார் 27,000 பேர். எதிரிகள் ஏறத்தாழ 60,000 பேர். காலை மூடுபனியில் ஹாஸன்ஹௌஸன் கிராமத்தைப் பிடித்துக்கொண்ட, தாவூவின் கீழிருந்த குதேனின் பிரிவு, பிரஷ்யத் தளபதி ப்ளூகரின் குதிரைப்படையைச் சதுர வியூகம் அமைத்துத் திருப்பியடித்தது. அவருடைய மற்ற இரு பிரிவுத் தளபதிகளான ஃப்ரியானும் மொராணும் அடுத்தடுத்து வந்து சேர, தாவூ அவர்களை இரு பக்கங்களிலும் நிறுத்தினார். பிரஷ்யத் தளபதி பிரன்ஸ்விக் கோமகன் உயிர்போகும் காயம்பட்டபின் எதிர்த்தரப்பில் தலைமை குலைந்தது. அவர்களுடைய சேமப்படையும் முழுமையாகக் களமிறங்கவில்லை. உதவிக்கு வந்திருக்கக்கூடிய, மற்றொரு மார்ஷலான பெர்னதோத்தின் படையோ அன்று எந்தப் போரிலும் கலந்துகொள்ளவில்லை. தாவூ வென்றார், ஆனால் ஏறத்தாழ 7,000 பேரை, அதாவது நால்வரில் ஒருவரைப் பலிகொடுத்தும் காயப்படவிட்டும்தான் வென்றார். பேரரசர் அவருடைய படையை முதலில் பெர்லினுக்குள் நுழையச் செய்து கௌரவித்தார். இருந்தும் அரச அறிக்கை இப்போரை யேனா வெற்றியின் ஒரு பகுதியாகவே காட்டியது எனக்கு இன்றும் நெருடலாக இருக்கிறது.

அவரை நான் குறையற்றவர் என்று சொல்லவில்லை. 1813 டிசம்பரில் முற்றுகைக்கு ஆயத்தமாகையில், உணவு சேமித்துவைக்க இயலாத ஏழை மக்களை ஆயிரக்கணக்கில் ஹாம்பர்க் நகரிலிருந்து வெளியேற்றினார். குளிரிலும் நோயிலும் பலர் மாண்டனர். நெப்போலியன் முடிதுறந்த பின்னும், 1814 மே மாதம்வரை அவர் அந்நகரை விட்டுக்கொடுக்கவில்லை என்ற பெருமையை இந்தக் கொடுமையோடு சேர்த்தே எடைபோட வேண்டும்.

நெப்போலியன் மீண்டும் ஆட்சிக்கு வந்த 1815இல், களத்துக்கு வர விரும்பிய அவரைப் போர் அமைச்சராக்கிப் பாரிஸிலேயே விட்டுச்சென்றது நெப்போலியனின் பெரும் பிழை என்பது என் கருத்து. வாட்டர்லூ தோல்விக்குப் பின் பாரிஸைக் கையளிக்கும் உடன்படிக்கை தாவூவின் பொறுப்பில் முடிந்தது. அதன்படி எவரும் தம் நடத்தைக்காகத் துன்புறுத்தப்படக்கூடாது. மீண்டும் வந்த மன்னரின் அரசு, நெப்போலியன் பக்கம் நின்ற தளபதிகளின் பெயர்களைத் தண்டனைப் பட்டியலில் சேர்த்தபோது, தம் ஆணைப்படி நடந்த அவர்களை நீக்கித் தம் பெயரை எழுதிக்கொள்ளுமாறு அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். நே மீதான வழக்கிலும் அந்த உடன்படிக்கைக்காகச் சாட்சி சொன்னார். நே சுட்டுக்கொல்லப்பட்டார், தாவூ பதவியையும் ஊதியத்தையும் இழந்து லூவியே நகரில் கண்காணிப்பில் வைக்கப்பட்டார்.