முட்டி தரையைத் தொடாவிட்டால் என்ன?

கேள்வி: டாக்டர், எனக்கு 41 வயது. ஊர் முக்கூடல். காலையிலிருந்து சாயங்காலம் வரை மடியில் சொளவோடு (முறம்) சம்மணம் போட்டு பீடி சுற்றுகிறேன். எழும்பும்போது இடுப்பும் தொடை இடுக்கும் பிடித்துக்கொள்கின்றன. உள்ளங்கால்களைச் சேர்த்து உட்காரும் பட்டாம்பூச்சி ஆசனம் செய்தால் சரியாகும் என்கிறார்கள். எனக்கு முட்டி பாதிகூட இறங்கவில்லை. மகளை அமுக்கிவிடச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. இந்த ஆசனத்தில் விரிய வேண்டியது இடுப்பு மூட்டு. அது விரியாதபோது மேலிருந்து அமுக்கினால் முட்டிதான் அடி வாங்கும், தொடையின் உள்தசையும் கிழியலாம். தொடை எலும்பின் தலை இடுப்புக் குழியில் பொருந்தியிருக்கும் விதம் ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு ஆயுசுக்கும் முட்டி தரையைத் தொடாது. அது நோயில்லை.

வெறும் பாயில் உட்காராதீர்கள். பத்தமடைப் பாய் படுக்கச் சுகம், இதற்குப் போதாது. போர்வையை நாலாக மடித்துப் பிட்டத்துக்கு அடியில் மட்டும் வையுங்கள். அப்போதுதான் முதுகு கூன் போடாது. சுவரில் சாய்ந்துகொள்ளலாம். குதிகால் உடம்பைவிட்டு ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும். முட்டிகளுக்கு அடியில் ஆளுக்கொரு தலையணை. மூச்சை இழுப்பதைவிட விடுவது நீளமாக இருந்தால் இதயத் துடிப்பு தணியும், தசையும் இளகும். அரை நிமிடத்தில் தொடங்கி, மெதுவாக இரண்டு மூன்று நிமிடம் வரை போகலாம். முட்டியைப் படபடவென்று ஆட்டுவது எனக்குப் பிடிக்காத பழக்கம். பத்தமடை என்றதும் ஞாபகம் வருகிறது: ரிஷிகேஷிலிருந்து யோகாவைப் பரப்பிய சுவாமி சிவானந்தர் 1887-ல் அங்கேதான் பிறந்தார். அவரும் எங்கள் ஆள்தான், மலேயாவில் டாக்டராக இருந்தவர்.

சரி, உங்கள் பிடிப்புக்கு இது மட்டும் போதுமா? போதாது. நாள் முழுக்க மடங்கிக் கிடக்கும் இடுப்பை நீட்டவும் வேண்டும். முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை சொளவை இறக்கி வைத்துவிட்டு எழும்புங்கள். ஒரு காலை முன்னே எடுத்துவைத்து, பின்கால் தொடையின் முன்பக்கம் இழுபடும்படி கொஞ்சம் நில்லுங்கள். அப்புறம் முற்றம் வரை ஒரு நடை. இலை எங்கும் ஓடிவிடாது.

இன்னொன்று. நெடுநேரச் சம்மணத்தில் முட்டிக்கு வெளிப்பக்கம் இறங்கும் நரம்பு நசுங்கும். பாதம் மரத்து, முன்பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு இழுபட்டால் தாமதிக்காதீர்கள். தொடை இடுக்கு வலி நடக்கும்போதும் இருந்தாலோ, ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தாலோ ஆசனத்தை நிறுத்திவிட்டு, பாளையங்கோட்டை ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரியில் எலும்பு டாக்டரைப் பார்த்து ஓர் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.