தேர்வு மையத்தில் கைரேகை கேட்கிறார்கள். கொடுக்கலாமா, மறுக்க முடியுமா?

கணினி வழித் தேர்வு ஒன்றுக்குப் பதிவு செய்யப் போகிறீர்கள், அங்கே விரலை ஸ்கேன் செய்வார்கள் என்று தெரிந்ததிலிருந்து மனசு ஒப்பவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். போன வருடம் நானும் இதே குழப்பத்தில் இருந்தேன். வேறு வழி தராத தேர்வு என்றால் கொடுத்துத்தான் ஆக வேண்டியிருக்கும். ஆனால் கேட்க வேண்டியதையெல்லாம் பணம் கட்டும் முன்பே, எழுத்தில் கேட்டுவிடுங்கள். தேர்வு நாளன்று கேட்டுப் பயனில்லை.

பயனில்லை என்று எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் அன்றுதான் கேட்டேன். பை லாக்கரில், சாவி கையில், பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசை. ஸ்கேனர் கண்ணாடியில் எனக்கு முன்னால் வைத்தவரின் விரல் பதிந்த ஈரம் அப்படியே தெரிந்தது. நான் மருத்துவ ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்கக் கை கழுவிக் கழுவி விரல் நுனி வறண்டு, தோல் உரிந்தே இருக்கும். முதல் தடவை வைத்ததும் சிவப்பு விளக்கு. "நல்லா அழுத்தி வைங்க மேடம்." மறுபடியும் சிவப்பு. நாலாவது தடவை அங்கிருந்த பெண் ஈரத் துணி கொடுத்துத் துடைத்து வைக்கச் சொன்னார், பச்சை எரிந்தது. "இதை எங்க வெச்சுப்பீங்க, எத்தனை நாள் இருக்கும்?" என்று கேட்டேன். "சர்வருக்குப் போயிடும் மேடம், அதுக்கு மேல எனக்குத் தெரியாது" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் திரையில் 'சம்மதிக்கிறேன்' என்று ஒரே ஒரு பொத்தான் இருந்தது. மாதக்கணக்கில் படித்து, கட்டணமும் கட்டி, வாசலில் நிற்பவர் அழுத்தும் அந்தப் பொத்தானைச் சம்மதம் என்று என்னால் ஏற்க முடியாது.

ஆள்மாறாட்டம் நிஜமான பிரச்சினை என்பதையும் சொல்ல வேண்டும். ஒருவருக்குப் பதில் இன்னொருவர் எழுதினால், இடம் பறிபோவது நேர்மையாகப் படித்தவருக்கு. இடைவேளைக்கு வெளியே போய்த் திரும்பி வருபவர் அதே ஆள்தானா என்று பார்க்க ரேகை நன்றாக உதவும். அதற்குத் தேவையும் சில மணி நேரம்தான். அதே ரேகையைப் பல வருடம் வைத்திருந்து, மற்ற எல்லோருடைய ரேகையோடும் ஒப்பிட்டுப் பார்ப்பது வேறு விஷயம். நமக்குத் தெரிய வேண்டியது இந்த இரண்டில் எது நடக்கிறது என்பதுதான்.

"படத்தைச் சேமிப்பதில்லை, டெம்ப்ளேட் மட்டும்தான்" என்று பதில் வரும். ரேகைக் கோடுகள் எங்கே முடிகின்றன, எங்கே இரண்டாகப் பிரிகின்றன என்ற புள்ளிகளின் பட்டியல்தான் டெம்ப்ளேட். படத்தை வைத்திருப்பதைவிட இது நல்லது, சந்தேகமில்லை. ஆனால் இதிலிருந்து ரேகையைத் திரும்ப வரையவே முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வழக்கமான டெம்ப்ளேட்களிலிருந்து, கருவியை ஏமாற்றும் அளவுக்கு ரேகைப் படங்களை உருவாக்க முடியும் என்று இத்தாலிய ஆய்வாளர்கள் 2007லேயே காட்டிவிட்டார்கள்.

பாஸ்வேர்ட் திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம். விரலை என்ன செய்வது? அமெரிக்க அரசின் பணியாளர் நிர்வாக அலுவலகத்திலிருந்து 56 லட்சம் பேரின் கைரேகை திருடு போனது 2015இல் வெளியே வந்தது. 2019இல் பயோஸ்டார் 2 என்ற பாதுகாப்பு மென்பொருளின் தரவுத்தளம் இணையத்தில் திறந்து கிடந்தபோது, பத்து லட்சத்துக்கு மேற்பட்டோரின் ரேகை அதில் இருந்ததாக அதைக் கண்டுபிடித்தவர்கள் சொன்னார்கள். ஒரு அரசாங்கத்தாலேயே காப்பாற்ற முடியாததைத் தேர்வு நடத்தும் நிறுவனம் காப்பாற்றிவிடும் என்று கண்ணை மூடிக்கொண்டு எப்படி நம்புவது?

கேள்வி கேட்டால் மாறும் என்பதற்கும் சாட்சி உண்டு. சட்டக் கல்லூரி சேர்க்கைக்கான எல்சாட் தேர்வில் கட்டைவிரல் ரேகை வாங்கினார்கள். கனடாவில் புகார் போனது. தனியுரிமையை விட்டுக்கொடுக்கும் அளவுக்கு அதில் பலன் இல்லை என்று அந்நாட்டுத் தனியுரிமை ஆணையர் 2008இல் முடிவு சொன்னார். அங்கே ரேகை போய்ப் புகைப்படம் வந்தது. எம்பிஏ போன்ற மேலாண்மைப் படிப்புச் சேர்க்கைக்கான ஜிமேட் தேர்வு நடத்துபவர்களும் அதே சமயத்தில் விரலை விட்டு உள்ளங்கையின் இரத்த நாளங்களை ஸ்கேன் செய்வதற்கு மாறினார்கள். விரல் ரேகை நாம் தொடும் டம்ளரில், கதவில் எல்லாம் பதியும், யாரும் எடுத்துக்கொள்ளலாம். தோலுக்கு அடியில் இருக்கும் நாளங்கள் அப்படிப் பதியாது.

அதனால் பதிவுக்கு முன் மெயில் அனுப்புங்கள். படமா டெம்ப்ளேட்டா, எத்தனை நாள் வைத்திருப்பார்கள், வேறு யாருக்குப் போகும், அழிக்கச் சொல்லிக் கேட்கலாமா, விரல் பதியாதவர்களுக்கு என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி முக்கியம். கேப்சிடபின் என்ற புற்றுநோய் மருந்து சாப்பிடுபவர்கள் சிலருக்கு ரேகையே அழிந்துவிடுவது உண்டு. அவர்களைத் திருப்பி அனுப்ப முடியாது என்பதால் மாற்று வழி எங்காவது ஒன்று இருந்தே ஆக வேண்டும், அதை நீங்களும் கேட்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் எழுதுகிறீர்கள் என்றால் உங்கள் கை இன்னும் ஓங்கும். 2018 மே முதல் நடைமுறையில் இருக்கும் ஜிடிபிஆர் என்ற தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 9வது பிரிவு, அடையாளம் காணப் பயன்படும் உடல்சார் தரவுகளைத் தனிப் பாதுகாப்புக்கு உரியவையாக வைத்திருக்கிறது.

என் ரேகையை அழிக்கச் சொல்லித் தேர்வு முடிந்த வாரமே எழுதினேன். மூன்று வாரம் கழித்து, "உரிய பிரிவுக்கு அனுப்பியிருக்கிறோம்" என்று ஒரு வரி வந்தது. அழித்துவிட்டோம் என்று இன்னும் வரவில்லை. போன திங்கட்கிழமை மூன்றாவது மெயில் அனுப்பியிருக்கிறேன். பதில் வந்தால் இங்கேயே சேர்க்கிறேன்.