கறை பட்ட மாம்பழத்தை ஏன் எல்லோரும் ஒதுக்குகிறார்கள்?

தோலில் கறுப்புக் கறை இருந்தால் பழம் கெட்டதா, ஏன் யாரும் வாங்குவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் கையில் எடுத்த பழத்தைத் திரும்ப வைத்துவிட்டு வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

எங்களுக்குக் கிருஷ்ணகிரிப் பக்கம் சிறு மாந்தோப்பு. சீசனில் சாலையோரம் கூடை வைத்து விற்போம். காயைக் காம்பில்லாமல் பிய்த்தால் பால் பீறிட்டுத் தோலில் வழியும். அது காய்ந்த தடம்தான் அந்தக் கறுப்பு. தோலைச் சீவினால் கறையும் போய்விடும்.

போன வருடம் ஓர் அம்மா பங்கனப்பள்ளியை ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்து, கறை பட்டதையெல்லாம் ஒதுக்கிக்கொண்டே வந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. ஒதுக்கியதில் ஒன்றை அவர் கண் முன்னாலேயே அறுத்துக் கொடுத்தேன். சாறு முழங்கை வரை வழிய, கொட்டையைச் சப்பிச் சாப்பிட்டார். "தேன்தான் தம்பி" என்றார். பிறகு கறையில்லாததாகவே பொறுக்கி 3 கிலோ வாங்கினார். ஏனம்மா என்று கேட்டேன். "சம்பந்தி வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். தட்டில் வைத்தால் நாலு பேர் பார்ப்பார்களே."

அதற்குப் பிறகு கவனித்துப் பார்த்தேன். பிள்ளைகளுக்கு என்று வாங்குகிறவர்கள் முகர்ந்து பார்க்கிறார்கள். தட்டுக்கும் பூஜைக்கும் வாங்குகிறவர்கள் தோலைத்தான் பார்க்கிறார்கள்.

விற்கிறவன் இப்படித்தான் பேசுவான் என்று சிலர் சொல்லலாம். எல்லாக் கறையும் நல்லது என்று நான் சொல்லவில்லை. அழுத்தினால் அமுங்குகிற, குழி விழுந்த கரும்புள்ளி நோய், அதை வாங்காதீர்கள். காம்பிலிருந்து கோடாக இறங்கி, தொட்டால் கெட்டியாக இருப்பது பால் கறை. பளிச்சென்ற மஞ்சளெல்லாம் கல் வைத்துப் பழுக்க வைத்தது என்றும் சொல்ல மாட்டேன். கார்பைடு கல்லுக்குத்தான் தடை. எத்திலீன் வாயுவுக்குச் சட்டமே இடம் கொடுக்கிறது. ஆனால் நிறத்தை மட்டும் நம்பி வாங்கினால் உள்ளே வெம்பல் இருந்தாலும் தெரியாது.

எனக்கு வாங்குகிறவர்கள் மீது கோபமில்லை, மண்டியின் மீதுதான் கோபம். கறை என்று சொல்லி எங்களிடம் நூறு கிலோவுக்கு 8 கிலோ கழித்தார்கள். கழித்த காயைத் திருப்பித் தரவும் இல்லை. மறுநாள் அதே மண்டி வாசலில் அதைக் கூறு கட்டி விற்றுக்கொண்டிருந்தார்கள். அப்பா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார், ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது காம்போடு வெட்டி, காயைக் கவிழ்த்து வைத்துப் பால் வடித்த பிறகுதான் கூடையில் அடுக்குகிறோம். அதற்கென்று இரண்டு ஆள் கூலி கூடுதல்.